பூட்டின் ஜெர்சி

என் வீட்டுக்காரருக்குச் சலவைக் கடை ஒரு சாக்கு. உண்மையான தொழில், கல்லூரிப் பெண்களின் கால்பந்தில் நடக்கும் அநியாயங்களைக் கண்டுபிடிப்பது. நடுவர் விசில் ஊதினாலும் அநியாயம், ஊதாவிட்டாலும் அநியாயம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா மகள்தான் எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் கோல்கீப்பர். பந்தை உள்ளே விடமாட்டாள் என்று அவளுக்குப் ‘பூட்டு’ என்று பட்டம் கட்டியவரும் இவரே. அவளுக்கு இது கடைசி வருஷம். ஒரு தடவையாவது இறுதி ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருவழியாக அணியும் இறுதிக்கு வந்தது.

எதிரணியில் நெட்டச்சி என்று ஒருத்தி. காலில் பந்து சிக்கினால் கோல்தான். அவள் வகுப்புப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று இவர் காதில் யாரோ ஊதிவிட்டார்கள். போதாதா? போட்டி நடத்துகிறவர்களின் கூட்டத்தில் போய் எழுந்து நின்றிருக்கிறார்.

“படிக்கிற புள்ளைங்க ஆடினாத்தான் அது காலேஜ் ஆட்டம். வகுப்புக்கே வராதவள இறக்கி ஜெயிக்கிறது என்ன நியாயம்?”

அவர்களும் தலையாட்டிவிட்டார்கள். வகுப்பு வருகை குறைந்த யாரும் இறுதி ஆட்டத்தில் ஆடக்கூடாது, இரண்டு அணிக்கும் ஒரே விதி. வீட்டுக்கு வந்தவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

பூட்டு தட்டைக் கழுவியபடியே சொன்னாள். “அப்ப நானும் ஆட முடியாது மாமா. எனக்கும் அட்டெண்டன்ஸ் பத்தாது.”

“வகுப்புக்குப் போகாம எங்க போன நீ?”

அவள் அடுத்த தட்டை எடுத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“காலைல காலைல மத்த காலேஜ் ஆட்டத்த வேவு பார்க்கக் கிளம்பினீங்களே, அப்ப கடையில யாரு நின்னது? இந்த இடுப்பு வலிய வச்சுக்கிட்டு நானா?”

அவர் சாப்பிடாமலே கை கழுவினார். அவரை மட்டும் சொல்லி என்ன? அவள் கடையில் நின்றது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஒரு நாளும் நான் அவளை வகுப்புக்கு விரட்டவில்லை.

இறுதி ஆட்டத்தன்று அணியின் ஜெர்சிகளை வழக்கம்போல எங்கள் கடையில்தான் இஸ்திரி போட்டோம். கோல்கீப்பர் ஜெர்சியை மட்டும் பூட்டு தனியாக எடுத்து வைத்தாள். அவளுக்குப் பதிலாக நிற்கப்போகிறவள் ஒல்லிக்குச்சி.

“தோள் தொங்கும் அத்தை. ரெண்டு தையல் போட்டுரட்டுமா?”

போடு என்று ஊசிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாசலில் செருப்பை மாட்டியபடி முணுமுணுத்தார். “விதின்னாலும் ஆளாளுக்கு என்ன கஷ்டம்னு விசாரிச்சிருக்கணும். கண்ண மூடிக்கிட்டு வெட்டிவிட்டா அது நியாயமா?”

“நெட்டச்சியும் எங்கயாவது வேலைக்கு நின்னிருப்பா மாமா,” என்றாள் பூட்டு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. அவள் குரலில் கோபம்கூட இல்லை. “அவள யாரு விசாரிச்சா?”

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டினார்.

“நேரமாச்சு, நீங்க ஆட்டத்துக்குக் கிளம்புங்க. கடைய நான் பார்த்துக்கிறேன்.”

தினமும் காலையில் அவள் சொல்வதுதான். அன்றைக்குத்தான் அது அவர் காதில் விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.