உப அதிபர் நீச்சற்குளத்தில் விழமாட்டார்

1.

இந்தக் கதை கோபத்திற் பிறந்தது. அதை மறைத்து எழுதத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் அது தானாகவே வெளியே வந்து நிற்கும். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் மகன் வாகீசன், பிக்கரிங்கிலிருந்து வந்து ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்களோடு இரண்டு நாள் தங்கிப் போனபோது, ஒளிநாடா ஒன்றை இயந்திரத்திலேயே விட்டுச் சென்றான். உயர்நிலைப் பள்ளி ஒன்றைப் பற்றிய நகைச்சுவைப் படம். மாணவர்கள் றொக் இசைக்குழு அமைக்கிறார்கள்; அதிபர் தடுக்கிறார்; மாணவர்கள் பள்ளியைக் கைப்பற்றுகிறார்கள்; அதிபர் நீச்சற்குளத்தில் விழுகிறார். அவனிடமே கேட்டு அதே வகையில் இன்னும் இரண்டு படங்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் அதிபர் மூன்றடுக்குக் கேக்கின்மேல் விழுந்தார். மற்றதில் உப அதிபரைக் கழிவறையில் வைத்துப் பூட்டினார்கள். மூவருக்கும் வழுக்கை. மூன்று படங்களிலும் கடைசியில் எல்லாரும் ஆடினார்கள்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். எதன்மேலும் விழுந்ததில்லை.*

(* அந்தப் படங்களில் ஓரிடத்தில் நான் சிரித்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எவ்விடம் என்று சொல்லமாட்டேன்.)

அன்றே தீர்மானித்தேன். அதே வகைக் கதையொன்றை நான் எழுதுவேன். பள்ளி இருக்கும், றொக் இசை இருக்கும், அடங்காத பிள்ளை இருக்கும், சிரிப்பும் இருக்கும். ஆனால் ஆசிரியர் மூடர் அல்லர். அவர் விழமாட்டார்.

2.

முதல் தொடக்கம்: "கல்வியிற் சிறந்தவளும் அடக்கமே உருவானவளுமாகிய செரீனா என்னும் மாணவி—"

(கைவிட்டேன். அடக்கமே உருவானவளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "1996ஆம் ஆண்டு வைகாசி மாதத்து மாலையொன்றில், இளையோரின் சீர்கேட்டை எண்ணிப் பெருமூச்செறிந்தவராய் உப அதிபர் திரு. றொபேட்—"

(இதையும் முடிக்கவில்லை. பெருமூச்செறிந்தவன் நான்; அவர் அல்லர்.)

மூன்றாம் தொடக்கம்: "செரீனாவிடம் நான்கு தலையணைகள் இருந்தன."

இந்த வாக்கியத்தில் கால் ஊன்றி நிற்கலாம்போல் இருந்தது. நின்றேன்.

செரீனாவிடம் நான்கு தலையணைகள் இருந்தன. வோபர்னில் ஏழாம் மாடி வீட்டில், பள்ளியால் வந்ததும் அவற்றைக் கட்டிலில் பரப்பி, இரண்டு குச்சிகளால் ஒரு மணிநேரம் அடிப்பாள். மெய்யான ட்றம்ஸ் பள்ளியில் இருந்தது. வீட்டில் இவையே ட்றம்ஸ். மூன்றாம் தலையணையின் பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்கிவிட்டதால் அதில் மட்டும் ஓசை சரியாக வருவதில்லை என்று அவள் குறைப்பட்டதுண்டு. தலையணையில் ஓசை பார்க்கிறவள் எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்பதை அவள் தாய் வேரோனிக்கா அப்போதே அறிந்துகொண்டாள்.

மன்னாரிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு முன் மகளோடு வந்தவள் வேரோனிக்கா. தொழிற்சாலையில் காலை வேலை. மகள் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறாள் என்று அயலில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஒருகாலத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

"ட்றம்ஸ் அடிக்கிறது பொம்பிளைப் பிள்ளையின்ர வேலையே?"

"அப்ப ஆற்ற வேலை?"

"கேள்விக்குக் கேள்வி கேளாத."

"நீங்கள்தானேம்மா முதல் கேட்டனீங்கள்."

வேரோனிக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சரி. உந்தப் பள்ளிக்கூட விழாவுக்கு நான் வாறன். ஒருக்காக் கேக்கிறன். சனத்துக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சுதெண்டால், அந்த நாளோட ட்றம்ஸை விடவேணும். தலாணியையும் விடவேணும். சரியோ?"

"சரி. ஆனா முடியுமட்டும் இருந்து கேக்கவேணும். இடையில எழும்பக்கூடாது."

"இடையில எழும்பினனெண்டால், எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நீ அறிஞ்சுகொள்."

பந்தயம் அவ்வளவே. பாட்டு முடியும்வரை தாய் கதிரையில் இருக்க வேண்டும்.

3.

விழாவின் பெயர் பல்பண்பாட்டு மாலை. ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் மரபுக் கலையைக் காட்டுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளின் பங்கு ஆண்டுதோறும் இரண்டு நடனமும் ஒரு மேசை நிறைய றோல்ஸ் பலகாரமும் என்று நிலைத்துவிட்டது. செரீனா தன் றொக் குழுவுக்கு இடம் கேட்டாள்.

(இனி வரும் உரையாடல் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. உப அதிபருக்கு என் தமிழைக் கொடுத்திருக்கிறேன். செரீனாவுக்கு அவள் வீட்டுத் தமிழையே விட்டுவைத்தேன்.)

"உங்கள் மரபைச் சேர்ந்த நிகழ்ச்சியைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்" என்றார் உப அதிபர்.

"எனக்கு ஆடத் தெரியாது, சேர். தெரியாத ஒண்டை என்ர மரபு எண்டு ஆடிக் காட்டினா அது பொய்யெல்லோ?"

படத்து அதிபர் இவ்விடத்தில் மேசையில் அறைவார். திரு. றொபேட் அறையவில்லை. நியாயமான கேள்வி என்றார். இரண்டு நாள் யோசித்தார். அவரது தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. மண்டபத்தின் மின்கம்பிகள் பழையவை. மேடை விளக்கும் இசைக் கருவிகளும் ஒரே இணைப்பில் இருந்தன. முந்திய ஆண்டு ஒரு குழு ஒலியை மிகைப்படுத்தியதால் மண்டபம் முழுவதும் இருண்டு, ஒருவர் படியில் இடறிக் கையை முறித்துக்கொண்டார். ஆகவே அனுமதி தந்தாலும், ஒலிபெருக்கியின் ஒலித் திருகியில் சிவப்பு நாடாவால் ஒரு கோடு ஒட்டினார்.

"இக்கோட்டைத் தாண்டினால் நானே வந்து இணைப்பைக் கழற்றுவேன். சம்மதமா?"

"ஓம்" என்று செரீனா கையெழுத்திட்டாள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு வாகீசன் சொன்னான்: "மாமா, உங்கட உப அதிபர் சரியான போர். ஒருக்காவாவது விழுத்துங்கோ."

"விழமாட்டார்."

"தலையில ஒரு வாளித் தண்ணி?"

"இல்லை."

"அப்ப இது கொமெடி இல்லை, மாமா. இது பேரன்ற்-ரீச்சர் மீற்றிங்."

சொல் தைத்தது. திரும்ப வாசித்தபோது அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று விரும்பினேனோ அப்படியே அவரைச் செய்து வைத்திருந்தேன். ஆகவே அவரிடமிருந்து ஒரு நற்குணத்தைப் பறித்தேன். ஒத்திகைக்கு மூன்றுமுறை வந்தும் அவர் பாட்டைக் கேட்கவில்லை. சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட குறை எல்லா ஆசிரியர்களிடமும், குறிப்பாக என்னிடமும்—

(இவ்வாக்கியத்தை வேறிடத்தில் முடிப்பேன்.)

4.

குழுவில் மூவர். செரீனா ட்றம்ஸ், கீதன் கிற்றார், நிரூபா பேஸ் கிற்றார். பாட்டு அவர்களே கட்டியது, ஆறு நிமிடம். விழாவன்று மாலை ஏழு மணிக்கு மூவரும் திரைக்குப் பின்னால் நின்றார்கள். முந்நூறு பேர் மண்டபத்தில் இருந்தார்கள்.

"கோட்டில நிண்டா பின்னுக்கு ஒண்டும் கேக்காது" என்றான் கீதன்.

"அம்மா எங்க இருக்கிறா?"

"கடைசிக்கு முதல் வரிசை. வாசலுக்குப் பக்கத்தில. ஓடுறதுக்கு வசதியா."

"அப்ப கோட்டைத் தாண்டு."

"சைன் வச்சது நீ."

"தெரியும்."

"வந்து பிடுங்குவார்."

"அதுக்குள்ள முடிப்பம்."

"ஆறு நிமிசப் பாட்டடி. அவர் வாறதுக்குள்ள எப்பிடி முடிக்கிறது?" என்றாள் நிரூபா.

செரீனா குச்சிகளை எடுத்தாள். மெதுவாக வாசித்து அரைகுறையாகக் கேட்கப்படுவதிலும், உரக்க வாசித்துத் தடுக்கப்படுவது மேல் என்று அவள் முன்னரே முடிவு செய்துவிட்டாள். (பிழையான முடிவு. நான் பரீட்சகனாக இருந்தால் புள்ளி குறைப்பேன். ஆனாலும் அதை அவள் மனத்திலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை.)

திரை திறந்தது. திருகி கோட்டைத் தாண்டி நின்றது. தலையணை வாங்கிய அடியெல்லாம் அன்றைக்கு ஓசையாகித் திரும்பி வந்தது. முதல் நிமிடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். இரண்டாம் நிமிடத்தில் றோல்ஸ் மேசையில் நின்றவர்கள் விற்பதை நிறுத்தினார்கள். மூன்றாம் நிமிடத்தில் செரீனா தாயைத் தேடிக் கண்டாள். வேரோனிக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, வைத்தியர் வரக் காத்திருப்பவளைப்போல் இருந்தாள். ஆனால் இருந்தாள்.

நான்காம் நிமிடம் முடியுமுன் திரு. றொபேட் சனத்தை விலக்கி மேடைக்குப் பின்னால் வந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கிற்றார் செத்தது. மேடை விளக்கும் அதனோடு போயிற்று. செரீனாவின் கைகள் திகைத்து நின்றன. மூவரும் தலை குனிந்து, தரையில் கிடந்த கம்பிகளைப் பார்த்தபடி நின்றார்கள். ஆறு நிமிடத்தில் இரண்டு மீதம்.

அப்போது, கடைசிக்கு முதல் வரிசையில், வேரோனிக்கா எழுந்தாள்.

5.

செரீனா பார்த்தாள். முடிந்தது என்று எண்ணினாள். தாய் வாசற்பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தாள்.

வேரோனிக்கா திரும்பவில்லை. கைப்பையைக் கதிரையில் வைத்தாள். கைகளைக் கட்டித் தலை குனிந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு முன்வரிசையில் இருவர். பிறகு மண்டபத்தில் இருந்த தமிழர் அத்தனை பேரும்.

"என்னடி நடக்குது?" என்று கீதன் உதடு அசையாமற் கேட்டான்.

"அகவணக்கம் எண்டு நினைச்சிட்டினம்."

அந்த ஆண்டுகளில் ரொறன்ரோவில் தமிழர் கூடிய மண்டபங்களில், விளக்கைத் தணித்து, போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கமாய் இருந்தது. இங்கேயும் விளக்குத் தணிந்தது, ஓசை நின்றது, மேடையில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். பிள்ளைகள் மறக்காமல், பாட்டுக்கு நடுவிலேனும் அதைச் செய்தார்களே என்று எத்தனை தாய்மார் நினைத்தார்களோ, அறியேன்.

தமிழர் எழுந்ததைக் கண்டு, பக்கத்தில் இருந்த ஜமேக்கக் குடும்பம் எழுந்தது. கிரேக்கர் எழுந்தனர். முந்நூறு பேரும் நின்றார்கள். இணைப்பைக் கையிற் பிடித்தபடி மேடையோரத்துக்கு வந்த திரு. றொபேட், மண்டபத்தைப் பார்த்தார், நடையை நிறுத்தினார், கையைத் தாழ்த்தித் தலை குனிந்தார். அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படத்து அதிபர் எவருக்கும் அது தெரியாது.

"சிரிக்காத" என்றாள் நிரூபா.

"நான் சிரிக்கேல்லை. எனக்கு நடுங்குது" என்றான் கீதன். "இதை ஆர் முடிக்கிறது?"

அதுதான் கேள்வி. வழக்கத்தில், மேடையில் நிற்பவர் நன்றி சொல்லி உட்காரச் சொல்வார். இங்கே சொல்ல எவரும் இல்லை. ஒரு நிமிடம் கடந்தது. இரண்டாவதும் கடந்தது.

செரீனா தாயின் முகத்தைப் பார்த்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பி சீமோனுக்கு வேரோனிக்கா ஒருநாளும் அழுததில்லை. உடல் கிடைக்காதவனுக்கு எப்படி அழுவது என்பாள். இப்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"எங்களுக்குத்தான் கறன்ற் இல்லை" என்று நிரூபா மெல்லச் சொன்னாள். "உனக்குத் தேவையில்லையெல்லோ."

6.

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

(அ) செரீனா குச்சிகளை உயர்த்துகிறாள்; விளக்குகள் எரிகின்றன; எல்லாரும் ஆடுகிறார்கள்; உப அதிபரும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு ஆடுகிறார். ஆசிரியர் ஆடுவது விழுவதிலும் கேடு. அதைப் பொறுத்துக்கொண்டாலும், தம்பிக்காக நிற்கிற ஒருத்தியைப் பிடித்து ஆட வைக்க எனக்கு உரிமை இல்லை.

(ஆ) உப அதிபர் தாமே போய் இணைப்பை மீண்டும் பொருத்துகிறார். இதை எழுதியபோது என் கண் கலங்கியது. இதுவே முடிவு என்று இரண்டு நாள் நம்பினேன். வாகீசன் வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு, மாமா. அப்ப செரீனா எதுக்கு?" என்றான். ஆசிரியரின் கருணையால் முடியும் கதையில் அடங்காத பிள்ளைக்கு என்ன வேலை? நான் அவளுக்கு நியாயம் செய்யவில்லை. எனக்கே பரிசு கொடுத்துக்கொண்டேன்.

(இ) செரீனா மேடையின் முன்னுக்கு வந்து, "நன்றி, எல்லாரும் இருங்கோ" என்று சொல்கிறாள், இருக்கிறார்கள், இறங்கிப் போகிறாள். ஒழுங்கான முடிவு. இத்தகைய பிள்ளைகளுக்கே நான் ஆண்டுதோறும் பரிசு வழங்கினேன். அவர்களில் ஒருவரது முகமும் இன்று எனக்கு நினைவில் இல்லை.

7.

ஆக, அவளிடம் எஞ்சியிருப்பது இவ்வளவே. அடித்தால் தாய் நிற்கும் மௌனம் உடையும். அடிக்காவிட்டால் பாட்டு நான்காம் நிமிடத்திலேயே கிடக்கும். தலையணைகள் கட்டிலுக்குத் திரும்பித் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் அவளை விட்டுவிட்டு நான் ஓடவில்லை. வழியில் நின்ற எல்லாரையும் ஒவ்வொருவராக விலக்கினேன்: உப அதிபரை, மின்சாரத்தை, படத்து முடிவை. கடைசியாக விலக வேண்டியவன் நான்.

வேரோனிக்கா தலையை நிமிர்த்துகிறாள். மேடையைப் பார்க்கிறாள். அவள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மௌனத்தைத் தொடங்கியவர்களே முடிக்க வேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள். செரீனாவின் கைகள் குச்சிகளை இறுக்குகின்றன. அவள் அடிப்பாள், அதில் எனக்கு ஐயம் இல்லை. இறந்தவனை எழுப்பாத அளவு மெல்லவா, அவனுக்கும் கேட்கும்படி மண்டபம் அதிரவா, அந்த முதல் அடியை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, அது உங்கள் காதுக்கு உரியது.

நான் வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இருங்கள் என்பேன், இருப்பார்கள். அவர்கள் நின்ற அந்தக் கணத்தில் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.

பேனாவை மூடிவிட்டேன். கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறேன். ஒரு மாணவி உட்காரச் சொல்லும்வரை நிற்பேன்.