எட்டாவது ஆளின் தண்டனை

ஆஸ்பத்திரியின் பழைய கோப்பு அறையில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இரண்டு தாளை ஒழுங்காக ஒட்டத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அங்கே எல்லோரும் அவளை ரெக்கார்டு என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களின் கிறுக்கலை அந்த டாக்டர்களுக்கே படித்துக் காட்டுகிறவள். அந்த மிதப்புதான் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய தாத்தா கடற்படைக் கப்பலில் பாய்லருக்குக் கரி தள்ளியவர். எதிர்வீட்டுக்காரருக்கும் அதே கப்பல், அதே வேலை. ஒருநாள் கூட இருந்த மாலுமியின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. எடுத்தது இந்த இருவரில் ஒருவர் என்பதுவரை வீட்டுக்குச் செய்தி வந்தது. யார் என்பது மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபின் இவர் அவரைச் சொன்னார், அவர் இவரைச் சொன்னார். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருப்பது பத்தடித் தெரு.

தாத்தாவின் மகள், அதாவது ரெக்கார்டின் அத்தை, தன் எழுபத்தைந்தாவது வயதில் கடற்படை ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டாள்.

"எங்கப்பா எடுத்தாரா இல்லையான்னு தெரியாம நான் கண்ணை மூட மாட்டேன்."

எட்டு மாதம் கழித்து அந்தக் கப்பலின் ஆள் பதிவேட்டிலிருந்து நகல் வந்தது. அகலமான பதிவேடு என்பதால் இரண்டு தாள்கள். இடப்பக்கத் தாளில் பெயரும் வேலையும், வலப்பக்கத் தாளில் நடத்தையும் தண்டனையும். ரெக்கார்டு இரண்டையும் மேல் விளிம்பைச் சேர்த்து டேப் போட்டாள். முதல் வரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. தாத்தாவின் ஒன்பதாவது வரியில் விரலை வைத்து இழுத்தாள், அடுத்த நிமிஷம் போன் போட்டாள்.

"அத்தை, மனசைத் திடப்படுத்திக்கோங்க. தாத்தாதான். கடிகாரம் எடுத்ததுக்குப் பதினாலு நாள் கப்பல் ஜெயில்ல இருந்திருக்கார்."

அத்தை போனை வைத்துவிட்டாள்.

ஆறு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளை மடித்து வைக்கும்போது பத்தாவது வரி கண்ணில் பட்டது. பத்தாவது ஆள் சமையல்காரர். அவருக்கு நேரே, ‘பாய்லர் வேலையில் கெட்டிக்காரர். ஒரு குற்றமும் இல்லை’ என்று எழுதியிருந்தது. சமையல்காரருக்கு எதற்கு பாய்லர்? டேப்பைப் பிய்த்து இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தாள். வலப்பக்க நகல் ஒரு வரி கீழே இறங்கி விழுந்திருந்தது. சமையல்காரருக்குப் போன நற்சான்று தாத்தாவுடையது. தாத்தா தலையில் விழுந்த ஜெயில் எட்டாவது ஆளுடையது. எட்டாவது ஆள், எதிர்வீட்டுக்காரர்.

உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லையே! திங்கள் தலைவலி, செவ்வாய் வேலை அதிகம், புதன் மழை. வியாழன் சாயங்காலம்தான் போனாள்.

அத்தை வீட்டுக் கூடத்தில் எதிர்வீட்டுக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து முகம் பார்த்துப் பேசாத இரண்டு கிழவிகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடி, வா! நீ போன் பண்ண மறுநாளே போய் இவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன். எங்கப்பா செஞ்சதுக்கு உங்கப்பா பேரைக் கெடுத்துட்டோமேன்னு. இப்ப தினமும் வர்றா. இரு, டீ போட்டுட்டு வரேன்."

அத்தை சமையலறைக்குப் போனாள். பேச்சு கலகலப்பாகத்தான் இருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். சுவரில் தாத்தா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. தான் ஒரு வரி தவறி ஒட்டியதற்கு இத்தனையா என்று ரெக்கார்டுக்கு அழுகை முட்டியது. பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"நான் ஒரு வரி தப்பா ஒட்டிட்டேன். எங்க தாத்தா இல்லை... உங்க..."

எதிர்வீட்டம்மா தாளைத் தொடக்கூட இல்லை.

"தெரியும்மா. போறதுக்கு முந்தி அப்பா என்கிட்ட ஒத்துக்கிட்டார். இருபது வருஷம் ஆச்சு. அக்கா வந்து கையைப் பிடிச்சு அழுதப்போ, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. திருடன் மக இல்லாம ஒரு பத்து நாள் இருந்து பார்த்தேன். நல்லாதான் இருந்துச்சு."

அத்தை டீயோடு வந்தாள். இந்த அம்மாவே சொல்லிவிட்டால் நம் தப்பு அதோடு அமுங்கிப் போய்விடுமே என்று ரெக்கார்டுக்கு ஒரு கேவலமான நினைப்பு. நினைத்ததற்கே கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எதிர்வீட்டம்மா எழுந்து நின்றாள். "அக்கா, கடிகாரத்தை எடுத்தது எங்கப்பா. உங்கப்பா இல்லை. எனக்கு எப்பவோ தெரியும். திட்டணும்னா திட்டுங்க."

அத்தை டீயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அப்பா, அப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் ரெக்கார்டின் கையிலிருந்த தாள்களையும் பிய்ந்த டேப்பையும் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நாலு நாளா... அத்தை."

"அவ அவங்கப்பாவுக்காக மறைச்சா. நீ யாருக்காகடி மறைச்சே?"

"எனக்காகத்தான், அத்தை" என்றாள் ரெக்கார்டு.