ரெஜைனாவுக்குப் போன வெங்காயத்தாள்

ஜனவரி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, கனடாவின் ரெஜைனா நகரத்தில் டூ சூயுன் வாங்கிய பதினொரு பொருள்களுக்கும் ரசீது இருந்தது. பன்னிரண்டாவதாகப் பையின் அடியில் கிடந்த ஒரு பிடி வெங்காயத்தாளுக்கு மட்டும் இல்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர். வெங்காயத்தாளின் வேரிலோ ஈரமண் ஒட்டியிருந்தது. ரோஸ் நிறப் பிளாஸ்டிக் நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல் செருகியிருந்தது. அப்படிச் செருகுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். தைனானில், மருந்துத் தெய்வத்தின் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் சந்தையில் காய்கறி விற்கும் அ-குவெய். இங்கிருந்து ரெஜைனாவுக்கு விமானத்தில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாறி ஒரு முழு நாள் ஆகும். வெங்காயத்தாள் வாடவே இல்லை.

சூயுன் முப்பத்தொரு வருடம் தபால் ஆபீசில் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள். ஒரு ஸ்டாம்ப் குறைந்தது கிடையாது. கணவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சிய கண்டிப்பு முழுவதும் காய்கறி மேல் இறங்கியது. முட்டைக்கோஸைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பாள். மூங்கில் குருத்தின் அடியை நகத்தால் கீறுவாள். பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்து, ஒடிந்த சத்தம் பிடிக்காவிட்டால் ஒடிந்ததைக் குவியலிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். தொண்ணூறு வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பெண்களையும் 'அழகி' என்று கூப்பிடும் அ-குவெய் இதையெல்லாம் இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், கேட்காமலே, ஒரு பிடி வெங்காயத்தாளை எடுத்து சூயுனின் பைக்குள் வீசுவாள். அதை இலவசம் என்று சொன்னால் எங்கள் சந்தையில் யாருக்கும் புரியாது. வாங்கியது முடிந்தது என்பதற்கு அடையாளம் அது. இத்தனை வருடத்தில் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனதில்லை. அ-குவெயின் குடும்பப் பெயர் என்னவென்று சூயுனுக்குத் தெரியாது. ஆனால் அ-குவெய்க்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது சூயுன் ஒன்பது நாள் கீரை சாப்பிடவில்லை. வேறு யாரிடமும் வாங்க மனம் வராததுதான் காரணம். கீரை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்ட டாக்டரிடம் மட்டும் பல்வலி என்று சொன்னாள்.

அக்டோபரில் புயல் வந்து வயல்களை மூழ்கடித்தது. வெங்காயத்தாளின் விலை பன்றிக்கறியைத் தாண்டியது. அன்று சூயுன் ஒரு முட்டைக்கோஸ் வாங்கிவிட்டு, வழக்கம்போலப் பையின் வாயைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, பையைத் தொறந்துக்கிட்டு நிக்குற?" என்றாள் அ-குவெய்.

"எப்பவும் போடுவியே."

"அழகி, இன்னிக்கு இது விக்கிற வெலைக்கு இதைத் தலையில சொருகிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம். இஞ்சி ஒரு துண்டு தர்றேன், எடுத்துக்கோ."

"இருபத்தெட்டு வருஷமா வர்றவளுக்கு இஞ்சித் துண்டா?"

"இருபத்தெட்டு வருஷமா பீன்ஸை ஒடிச்சு ஒடிச்சுப் போட்டியே, நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

சூயுன் முட்டைக்கோஸை எடுத்துத் திரும்ப அதே குவியலில் வைத்தாள். "ரெண்டு தெரு தள்ளி புதுசா ஏசி கடை தொறந்திருக்கான். அங்க யாரும் பீன்ஸைப் பத்திப் பேச மாட்டாங்க" என்றாள். பக்கத்துக் கடையில் பால்மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த லோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் சந்தையில் கணவன் மனைவி உறவு முறிந்தபோதுகூட அவர் கத்தியைக் கீழே வைத்ததில்லை.

சூயுன் ஏழு வாரம் ஏசி கடைக்குப் போனாள். அ-குவெயின் கண்ணில் படாமலிருக்க மருந்துக்கடைச் சந்து வழியாக, முகக்கவசம் போட்டு, குடை பிடித்து, வேறு யாரோ மாதிரி நடந்து போனாள். சந்தையில் எல்லோருக்கும் அது தெரியும். அ-குவெய்க்கு முதல் நாளே தெரியும். டிசம்பரில் ரெஜைனாவிலிருந்த மருமகள் நிங்குக்குக் குழந்தை பிறந்தது. சூயுன் நான்கு மாத விசாவும் ஆறு கிலோ உலர்ந்த காளானும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

அங்கே மகன் யூசெங் கூட்டிப்போன கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் தள்ளுவண்டியில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். காய்கறிக்குத் தண்ணீர் தெளிக்க இயந்திரம் இருந்தது. தெளிப்பதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் இடி இடித்துக் காட்டினார்கள். முட்டைக்கோஸைத் தட்டிப் பார்த்தபோது ஒரு ஊழியர் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். பீன்ஸ் வாய் ஒட்டிய உறைக்குள் இருந்தது. உறைமேல் அது எந்த நாட்டில் விளைந்தது, எந்த மனநிலையில் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. ஒடிக்க வழியில்லை. பில் போடுமிடத்தில் லூர்தெஸ் என்ற பிலிப்பீன்ஸ்காரப் பெண் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து முடித்த பிறகும் சூயுன் பையைத் திறந்துபிடித்தபடி நின்றாள்.

"வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்று லூர்தெஸ் கேட்டாள்.

யூசெங்கின் காது சிவந்தது. "அம்மா, இங்கெல்லாம் அப்படிக் கேக்கக் கூடாதும்மா."

"நான் எங்கடா கேட்டேன்? பையைத்தானே தொறந்தேன்."

அன்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் வெங்காயத்தாள் கிடைத்தது. அடுத்த நாளும் கிடைத்தது. யூசெங் இன்ஜினியர் என்பதால் ஒரு அட்டவணை போட்டான். காலையில் போனால் வருவதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வருகிறது. ஞாயிறு மாலை மட்டும் வருவதில்லை. ரெஜைனாவின் மாலை நான்கு மணி, தைனானில் மறுநாள் காலை ஆறு மணி. அப்போதுதான் சந்தை திறக்கும். ரெஜைனாவின் ஞாயிறு மாலை எங்களுக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. இதைக் கண்டுபிடித்த பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கினான். சூயுனுக்குத்தான் தூக்கம் போயிற்று. அவ்வளவு தூரம் வந்த பிறகும் அ-குவெய் அவளைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள். வெங்காயத்தாளைத் தொடாமல் சமையலறை ஜன்னலோரம் அடுக்கி வைத்தாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அவளைப் பிடித்தார்கள். வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம், பையில் கணக்கில் வராத பொருள் இருக்கிறது என்று உரக்கச் சொன்னது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. டுவேன் என்ற மேலாளர் பையைக் கொட்டினார். வெங்காயத்தாள் விழுந்தது. ரசீது இல்லை. சூயுனை ஒரு அறையில் உட்காரவைத்து, மகன் வரும்வரை கதவருகே ஒரு ஆளை நிறுத்தினார். 'திருடு' என்ற வார்த்தைக்கு ஆங்கிலம் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தொரு வருடம் அரசாங்கப் பணத்தைத் தொட்ட கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூசெங் வந்தபோது, "என்னைப் பாக்காதடா" என்றாள்.

டுவேன் நியாயமான மனிதர். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்காயத்தாள் அலமாரியிலிருந்து போகவில்லை. ஒரு நொடியில் பையில் இல்லை, அடுத்த நொடியில் இருந்தது. கடையின் சரக்கைச் சரிபார்த்ததில் எதுவும் குறையவில்லை. அந்தக் கடை விற்ற வெங்காயத்தாள் மெக்சிகோவிலிருந்து வந்தது, கழுவித் துடைத்தது, மண்ணையே பார்க்காதது. தலைமை அலுவலகத்துக்கு எழுதலாமென்றால், காணாமல் போன பொருளுக்குத்தான் படிவம் இருந்தது. கூடுதலாக வந்த பொருளுக்கு இல்லை. வாங்காமலே கடைக்குள் வருகிறவற்றில் மழையும் பனியும் மட்டுமே படிவத்தில் இருந்ததால், டுவேன் வெங்காயத்தாளை 'வானிலை' என்ற தலைப்பில் பதிவு செய்தார். விசாரணை முடியும்வரை சூயுன் வேறு கடைக்குப் போவது நல்லது என்றும் சொன்னார்.

வேறு கடைகளுக்கும் அது வந்தது. ஊரின் மறுகோடியிலிருந்த சீனக் கடையில் வந்தபோது கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் மூட்டையாக மட்டுமே விற்கும் கிடங்குக் கடையில், நாற்பத்தெட்டு காகித உருளையும் ஒன்பது கிலோ அரிசியும் வாங்கியதற்கு, அந்த அளவுக்குத் தக்கபடி ஒரு கூடை வெங்காயத்தாள் வந்து காரின் பின்பக்கம் நிறைந்தது. அன்று காலை தைனானில் அ-குவெயின் கடையில் வெங்காயத்தாளே இல்லை. அவள் லோவின் மீன்பெட்டியைத் திறந்து, பனிக்கட்டியைக் கிளறித் தேடினாள். ஒன்றும் கிடைக்காததால் அவர் மேல் சந்தேகம் வலுத்தது.

பொறுக்க முடியாமல் சூயுனே போன் செய்தாள், லோவின் எண்ணுக்கு, வீடியோவில். அவளுக்கு மாலை ஐந்து, எங்களுக்குக் காலை ஏழு. லோ மீன்செதில் ஒட்டிய போனை அ-குவெயின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இங்க பாரு!" சூயுன் வெங்காயத்தாளைத் தூக்கிக் காட்டினாள். "எதுக்கு இதை அனுப்பி எம் மானத்தை வாங்குற? கடைக்காரன் என்னைத் திருடிங்கிறான்!"

அ-குவெய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "என் கட்டுதான்."

"அப்ப ஒத்துக்கிற."

"நான் எதுக்குடி உனக்கு அனுப்பணும், ஏசி கடைக்காரிக்கு? யாராச்சும் முட்டைக்கோஸ் வாங்கினா இந்தக் கை தன்னால ஒரு பிடியை எடுத்து, நீ நிக்கிற பக்கமா வீசுது. அங்க நீ இல்ல, பையும் இல்ல. கீழ விழும்னு பாத்தா விழவும் மாட்டேங்குது. நான் பாவம் லோ மேல சந்தேகப்பட்டு ரெண்டு வாரம் அவர்கிட்ட பேசல."

"மூணு வாரம்" என்றார் போனைப் பிடித்திருந்த லோ.

"கையை நிறுத்த வேண்டியதுதானே!"

"உன் கையை நீ நிறுத்தினியா? எத்தனை பீன்ஸ்!"

சூயுன் கையிலிருந்த வெங்காயத்தாளைக் கீழே வைத்தாள். பிறகு, "இங்க பீன்ஸை உறைக்குள்ள போட்டு ஒட்டிடறாங்க, அ-குவெய். ஒண்ணைக்கூட ஒடிச்சுப் பாக்க முடியல" என்று சொல்லி, மகனும் மருமகளும் பார்க்க அழுதாள்.

"அழாத. எத்தனை கட்டு சேத்து வெச்சிருக்க? எல்லாம் அழுகிடும். வேரை வெட்டித் தண்ணியில வை, மேல இருக்கறதை முட்டையில போட்டுச் சாப்புடு." சந்தையில் அன்று ஒரு மணி நேரம் அ-குவெய் யாருக்கும் காய்கறி எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

டுவேன் ஜனவரியிலிருந்து கேமராவைப் பார்த்து முன்னால் வந்தவற்றையும் பதிந்ததில், மார்ச் இறுதிக்குள் வானிலைப் பதிவுகள் பத்தொன்பது ஆயின. ரெஜைனாவில் அந்தக் குளிர்காலம் மிக மோசமாக இருந்திருக்கிறது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்து, டுவேனுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும், வாசலில் உறைந்த பனியை உருக்க இரண்டு மூட்டை உப்பும் அனுப்பியது. அவர் சூயுனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டு, மறுபடி கடைக்கு வரச் சொன்னார். அவள் வந்தபோது மற்ற வரிசைகளிலிருந்தவர்கள் லூர்தெஸின் வரிசைக்கு மாறி நின்றார்கள். அவர்களுக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் பையைத் திறந்துபிடித்தபடி நிற்கும் பழக்கம் அந்தக் கடையில் பரவிவிட்டது.

விசா முடியும்போது யூசெங் அதை நீட்டிக்கலாம் என்றான். "அங்க உனக்குன்னு யாரும்மா இருக்கா?"

"காய்க்காரி இருக்கா" என்றாள் சூயுன்.

ஏப்ரலில் வந்து இறங்கியவள் பெட்டியைக்கூடத் திறக்காமல், ஆறரை மணிக்குச் சந்தைக்குப் போனாள். அ-குவெய் நிமிர்ந்து பார்க்காமலே, "அழகி, இன்னிக்கு முட்டைக்கோஸ் இனிப்பா இருக்கு" என்றாள். சூயுன் முட்டைக்கோஸைத் தட்டிப் பார்த்தாள். பிறகு பதினான்கு பீன்ஸை ஒடித்தாள். அ-குவெய் ஒடிந்ததைக் குவியலோடு சேர்த்தாள். சூயுன் பையைத் திறந்தாள். அ-குவெயின் கை ஒரு பிடி வெங்காயத்தாளை எடுத்து, அவளை நோக்கி வீசியது. பை காலியாக இருந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். லோ, யாரும் சொல்வதற்கு முன்பே, தன் மீன்பெட்டியைத் திறந்து காட்டினார். கால் மணி நேரம் கழித்து நிங் போன் செய்தாள். பால் மட்டும்தான் வாங்கினாளாம், பையில் வெங்காயத்தாள் இருக்கிறதாம்.

சூயுன் இடப்பக்கம் நின்று பார்த்தாள். வலப்பக்கம் நின்று பார்த்தாள். அ-குவெயின் தோளுக்குப் பின்னால் நின்றும் பார்த்தாள். எல்லாம் ரெஜைனாவுக்கே போயிற்று. கைக்குப் புது இடம் பழகிவிட்டது, அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சந்தைச் சங்கத்தின் தலைவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஆகவே சூயுன் இப்போது வெங்காயத்தாளைப் பிடி இருபது யுவான் கொடுத்து வாங்குகிறாள். அ-குவெய் ஒரு யுவான்கூடக் குறைப்பதில்லை. நிங்குக்கு வெங்காயத்தாளின் வாசனை ஆகாது என்பதால் அங்கே வருவதை லூர்தெஸுக்குக் கொடுத்துவிடுகிறாள். போன மாதம் லூர்தெஸ், இரண்டு சிவப்பு மிளகாயும் சேர்த்துப் போட முடியுமா என்று நிங் மூலம் கேட்டு அனுப்பினாள். அ-குவெய் போடுகிறாள்.