அழுக்குத் தெரியாத கலர்

துணிமணிகளுக்கும் பதவி இறக்கம் உண்டு. வந்த புதிதில் வெளியே போக மட்டும். கொஞ்சம் பழகியதும் வேலைக்கு. சாயம் மங்கினால் 'வீட்டுக்குப் போட்டுக்கலாம்'. வீட்டிலும் ஓய்ந்துவிட்டால் கரித்துணி. யாரும் உத்தரவு போடாமலே எல்லா வீடுகளிலும் கனகச்சிதமாக நடந்து வருகிற நிர்வாகம் இது.

நம் லிப்ட் மெக்கானிக்குக்கு இந்த வரிசையில் கடைசிப் படியின் மேல்தான் கண். லிப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் பிசினாக அப்பியிருக்கும் கிரீஸைத் துடைக்க நல்ல பருத்தித் துணி வேண்டும். கம்பெனி கொடுக்கிற துணி எண்ணெயை இழுக்காது, தேய்த்துப் பூசிவிட்டு வரும். அதனால் யார் எதைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தாலும், 'இது பருத்தி, நன்றாக இழுக்கும்; அது நைலான், தேறாது' என்று அவன் மனசுக்குள் ஓடிவிடும். உடை பற்றி அவனுக்கு இருந்த ஞானம் மொத்தமே அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவனையே ஒருத்தி உடையால் கவிழ்த்தாள் என்றால் அவள் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும்! ஒரு பெரிய கடை வளாகத்தில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோயிருந்தது. கீழ் மாடியில் கதவை நெம்பிப் பிடித்துக்கொண்டு இவன் நிற்க, மேலே இயந்திர அறையிலிருந்த கூட்டாளி சக்கரத்தைக் கையால் சுற்றி மெல்ல மெல்ல இறக்கினான். முதலில் ஒரு ஜோடி மஞ்சள் செருப்பு தெரிந்தது. அப்புறம் மஞ்சள் கால்சட்டை. அப்புறம் மஞ்சள் பெல்ட், மஞ்சள் சட்டை. கடைசியாக முகம் வந்தபோது அதில் பயத்தைக் காணோம், சிரிப்பு இருந்தது.

"ஏங்க, ஆளைத் தவணை முறையிலதான் இறக்குவீங்களா?" என்றாள்.

பயல் அன்றைக்குத் திறந்த வாயைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் மூடினான்.

அதே வளாகத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில் வருவாள். இன்றைக்குச் சிவப்பு என்றால் நாளைக்குப் பச்சை. கடையில் அவளுக்கு 'சிக்னல்' என்று பெயர். அதைக் கிண்டலாக ஆரம்பித்தவர்களே பிறகு அவள் என்ன நிறத்தில் வருகிறாள் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

குழந்தை பிறந்தது. சிக்னல் அணைந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பால் குடித்த குழந்தை தோளில் கக்குகிற வீட்டில் சிவப்பென்ன, பச்சையென்ன? கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டாள். கைக்கு அகப்பட்டது பெரும்பாலும் அவனுடைய கம்பெனி டி-சர்ட். 'லிப்ட் நின்றால் அழைக்கவும்' என்று முதுகில் எழுதியிருக்கும். அதோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் அவள் அக்கா, இவள் மேல் உள்ள பாசத்தில் ஒரு பை நிறைய மேல்சட்டைகள் வாங்கி வந்தாள். எல்லாம் மண் நிறம், சாம்பல் நிறம், இரண்டுக்கும் நடுவே பெயர் இல்லாத ஒரு நிறம்.

"அழுக்குத் தெரியாத கலர்டி. புள்ள பெத்தவளுக்கு இதுதான் தோது" என்றாள் அக்கா.

அழுக்குத் தெரியவில்லை, வாஸ்தவம். உள்ளே இருந்த ஆளும் தெரியவில்லை.

இப்போது குழந்தை தவழ்ந்து வீட்டை அளக்கிறது. திங்கட்கிழமை அவள் கடைக்குத் திரும்ப வேண்டும். மெக்கானிக் மாலை நேர வேலைக்கு மாறிக்கொண்டான். காலையில் குழந்தை அவன் பொறுப்பு, பிறகு அக்கா வருவாள். எல்லாம் பேசி முடித்து, சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் அந்த இடியை இறக்கினாள்.

"முன் மேஜை வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லப் போறேன். உள்ள லென்ஸ் வெட்டற ரூம்ல உக்காந்துக்கறேன்."

அவன் சாப்பாட்டை மறந்து பார்த்தான். முன் மேஜை என்றாலே அவள்தான். வருகிறவரின் முகத்தைப் பார்த்து, சுவர் நிறைய இருக்கிற பிரேம்களில் இவருக்கு இதுதான் என்று ஒன்றைக் கையில் எடுப்பாள். மாட்டிப் பார்த்தவர் தன் முகத்தைத் தானே புதிதாகப் பார்த்ததுபோல் நிமிர்ந்து உட்காருவார். அவளைக் கேட்டுக்கொண்டு ஊர் தாண்டி வருகிறவர்கள் உண்டு.

"ஏன்?"

"கண்ணாடியில பாத்தா யாரோ நிக்கற மாதிரி இருக்குங்க. என் மூஞ்சிக்கு எது சரின்னே எனக்குத் தெரியல. அடுத்தவங்க மூஞ்சிக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

"நீ எது போட்டாலும் நல்லாத்தான் இருக்கு" என்றான் அவன். உலகத்தில் இதைவிடப் பிரயோஜனமில்லாத வாக்கியம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அவனை ரொம்பவும் திட்ட முடியாது. மனசாரத்தான் சொன்னான்.

"அந்தப் பச்சைக் கவுன் ஒண்ணு இருக்கு" என்றாள் அவள். "முன்னாடி பட்டன் வச்சது. பால் குடுக்கவும் வசதி. அதைப் போட்டுப் பாக்கறேன். அதுல நான் தெரிஞ்சா முன் மேஜை. இல்லன்னா உள்ள போயிடறேன்."

மெக்கானிக்கின் கை பாதி வழியில் நின்றது.

"பச்சைன்னா, இலைப் பச்சையா?"

"ஆமா."

"முட்டிக்குக் கீழ வருமே, அதுவா?"

"அதேதான். பாத்தீங்களா?"

"நீ அதை வீட்டுக்குப் போட்டுட்டு இருந்தியே…"

"மாசமா இருந்தப்ப கடைசியில அது ஒண்ணுதான் எனக்கு ஏறுச்சு. அதுக்கென்ன?"

"வீட்டுக்குப் போடற கூடையில கிடந்துச்சு. அசல் பருத்தி வேற. வீட்டுக்கு அடுத்தது…" என்று இழுத்தவன், எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு தன் வேலைப் பையைத் தூக்கி வந்தான்.

ஸ்பானர்களுக்கு நடுவிலிருந்து வந்தது பச்சைக் கவுன். நாலு துண்டு. எது துணி, எது கிரீஸ் என்று கண்டுபிடிக்க அவள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இழுத்துச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா" என்றான் அந்த அப்பாவி, தொழில் நேர்மையோடு.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, நீர் நிற்கவில்லை.

"நீங்க கிழிச்சதுக்கு எனக்குக் கோபமில்ல. அதை வீட்டுக் கூடைக்கு அனுப்பினது நான்தானே. என்னையும் சேத்து."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்பாவைப் பிடிங்க" என்று குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அவன் குழந்தையோடு நிலையில் சாய்ந்து நின்றான்.

கம்பெனி டி-சர்ட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். பனியனோடு ஸ்டூலை இழுத்துக் கண்ணாடிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கடையில் வாடிக்கையாளருக்கு எதிரில் இப்படித்தான் உட்காருவாள். பாதிப் பேர் பழைய போட்டோவைக் கையோடு கொண்டு வந்து, 'இதே மாதிரி பிரேம் கொடுங்கள்' என்பார்கள். அவர்களிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். அதையே இப்போது கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:

"போட்டோவை உள்ள வைங்க மேடம். இப்ப இருக்கற ஆளைப் பாப்போம்."

நிலையில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

பார்த்தாள். அவசரமே இல்லாமல், ஒளிவுமறைவே இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை எவ்வளவு மரியாதையோடு பார்ப்பாளோ அவ்வளவு மரியாதையோடு தன்னைப் பார்த்தாள்.

"தோள் அகண்டிருக்கு. நல்லாத்தான் இருக்கு. இடுப்பு பழைய இடத்துல இல்ல. சரி, அது போகட்டும். கழுத்து அப்படியே இருக்கு." பிறகு முழங்கையை மடக்கிப் பார்த்தாள். "கை பாருங்களேன்! என்னமா உரமேறியிருக்கு. நாள் முழுக்கத் தூக்கற கையாச்சே. இதைப் போயா இத்தனை நாள் மூடி வச்சேன்?"

அலமாரியைத் திறந்தாள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பழைய நிறங்களெல்லாம் இறுக்கமாக மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, மேலே வைத்துப் பார்த்து, கட்டிலில் போட்டாள். "இது அந்தப் பழையவளுக்கு. இதுவும் அவளுக்குத்தான். எனக்கில்ல." ஒரு பெருமூச்சு இல்லை, 'எப்படி இருந்த நான்' என்ற புலம்பல் இல்லை. அக்கா வாங்கித் தந்த மண் நிறச் சட்டைகளும் அதே குவியலுக்குத்தான் போயின.

"எல்லாமே வேணாமா?" என்றான் அவன் கலவரத்தோடு.

"வேணாம். தொடக்கூடாது, சொல்லிட்டேன். யாராவது போட்டுக்கற நிலையில இருக்கு. உங்க லிப்டுக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் துணிக்கடைக்குப் போனார்கள், அக்காவும் கூட வந்தாள். பெண்கள் பகுதியில் அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பை வைத்த கால்சட்டை ஒன்று கிடைத்தது, மேல்சட்டை எதுவும் பிடிக்கவில்லை. நேராக ஆண்கள் பகுதிக்கு நடந்தாள். அங்கே தொளதொளவென்று, நல்ல பழுத்த ஆரஞ்சு நிறத்தில், முன்னால் பட்டன் வைத்த ஒரு பெரிய சட்டை தொங்கியது.

"மேடம், அது ஜென்ட்ஸ்" என்றான் விற்பனையாளன்.

"சட்டைக்குத் தெரியாது, விடுங்க" என்றாள் அவள்.

அக்காதான் பதறிப்போனாள். "இதுல ஒரு சொட்டுப் பால் பட்டாக்கூட ஊரே பாக்குமேடி!"

"பாக்கட்டுமே அக்கா. பால் குடுக்கறது நான் பண்ற திருட்டா?"

கொஞ்ச தூரம் போனபின் அக்காவே ஒரு கருநீலச் சட்டையை ஹேங்கரோடு தன் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மெக்கானிக் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் படுக்கையறைக் கதவு திறந்தது. முன்பெல்லாம் அவளைப் பார்த்தால் உடைதான் முதலில் முன்னால் வரும், பின்னாலேயே அவள் வருவாள். இன்றைக்கு அவள் முன்னால் வந்தாள். சட்டையின் ஒரு முனை கால்சட்டைக்குள், மறுமுனை வெளியே. சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தாள். உரமேறிய அந்தக் கைகள் ஆரஞ்சுக்குக் கீழே கம்பீரமாகத் தெரிந்தன. தலைமுடியைத் தூக்கி உச்சியில் முடிந்திருந்தாள். பார்க்க மிகவும் அழகாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தை அவளைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுதுகொண்டு அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகம் வாடுவதை அவன் கண்ணால் பார்த்தான். பெற்ற குழந்தைக்கே அவளைத் தெரியவில்லை! பாவம், அது பிறந்ததிலிருந்து சாம்பல் நிறத்தையும் கம்பெனி டி-சர்ட்டையும்தானே அம்மா என்று பழகியிருக்கிறது.

"வேணும்னா என் டி-சர்ட்டை மேல போட்டுக்கோ" என்றான் அவன் அவசரமாக. "பாப்பா சமாதானம் ஆனதும் வெளிய போய்க் கழட்டிக்கலாம்."

ஒரு கணம் அவள் கை சட்டைப் பட்டனுக்குப் போனது. அப்படிச் சொல்லித் தொலைத்ததற்காக அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வேணாம்" என்றாள். கையை எடுத்துவிட்டாள். "தெரிஞ்சுக்கட்டும்."

கிட்டே வந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராகக் குனிந்து நின்றாள். தொடவில்லை, கொஞ்சவில்லை, அழைக்கவும் இல்லை. அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கி, குழந்தை ஒற்றைக் கண்ணால் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள்.

"இதுதான் உங்கம்மா" என்றாள் மெதுவாக. "நல்லாப் பாத்துக்கோ. நானும் முந்தாநேத்துதான் பாத்தேன்."

குழந்தை பார்த்தது. குரல் பழசு, ஆள் புதிது. இரண்டையும் பொருத்திப் பார்க்க அதற்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தியது. ஆரஞ்சைத் தொட்டது, மறுபடியும் கன்னத்தைத் தொட்டது. பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அப்பாவின் பிடியிலிருந்து அவள் மேல் பாய்ந்தது. அவள் வாரி அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"பாத்தது போதும், ரெண்டு பேரும் வழியை விடுங்க" என்றாள் அவள். "முன் மேஜையில ஆள் காத்துட்டு இருப்பாங்க."