ஜெட் தணிகாசலம் எவ்வளவு வேகம்?

1

இந்தக் கதை குழாயடியில் பிறந்தது. வேறு இடத்தில் பிறந்ததாகச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் நடந்தது இதுதான்: முனிசிபல் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் காந்தா தன் குடத்தை என் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு அவரு வண்டி ஓடாதுன்னு கோர்ட்டுல சொல்லணுமாம்க்கா" என்றாள். வரிசை தாண்டியதை நான் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு குடம் தண்ணீர் தகும்.

காந்தாவின் வீட்டுக்காரர் தணிகாசலம். காஞ்சிபுரம்–செங்கல்பட்டு தனியார் பஸ்ஸின் டிரைவர். ஊர் வைத்த பெயர் ஜெட். வருஷம் அறுபத்தெட்டு.

கதையை முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

வைகாசி வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்த சாலையில் ஒரு பஸ் மின்னலென

நிறுத்திவிட்டேன். வழக்கே அந்த மின்னலைப் பற்றித்தான். கோர்ட்டு தீர்க்காததை முதல் வரியிலேயே நான் தீர்த்து வைப்பது முறையல்ல. இரண்டாவது முயற்சி:

ஆடி அசைந்து வந்த பஸ் ஒன்றை இரண்டு போலீஸ்காரர்கள்

இதுவும் உதவாது. இதை அச்சில் பார்த்தால் தணிகாசலம் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே, பஸ் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

2

செங்கல்பட்டிலிருந்து வரும் சாலை சின்ன காஞ்சிபுரத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. அதில் 25 என்று போட்டிருக்கும். ஊருக்குள் மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அர்த்தம். (நாடு கிலோமீட்டருக்கு மாறிவிட்டதுதான். பலகைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.) பலகையின் தலையில் இரண்டு கொக்கிகள். கருட சேவைக்குப் பெருமாள் வெளியே வருகிற நாளில் முனிசிபாலிட்டி ஆள் முனுசாமி சைக்கிளில் வந்து, 10 என்று எழுதிய இன்னொரு பலகையைக் கொக்கியில் மாட்டி 25-ஐ மறைத்துவிடுவார். சாமி திரும்பக் கோயிலுக்குள் போனதும் வந்து கழற்றிவிடுவார்.

வேக வரம்பு என்பது கல்லில் வெட்டின சங்கதி என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் ஊரில் அது சாமி எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எனக்கு இதில் ஒரு நியாயமும் தெரிகிறது. சாலையில் யார் நடக்கிறார்கள் என்று பார்த்துத்தானே வேகத்தைச் சொல்ல வேண்டும்?

தணிகாசலம் பிடிபட்டது அப்படியொரு கருட சேவை நாளின் பகல் பொழுதில். புளியமரத்தடியில் ஒரு போலீஸ்காரர். ஒரு பர்லாங்கு தள்ளி இன்னொரு புளியமரத்தடியில் இன்னொருவர். முதல் மரத்தைப் பஸ் தாண்டியதும் அங்கே இருப்பவர் கைக்குட்டையைக் கீழே போடுவார். இரண்டாவது மரத்தடியில் இருப்பவர் கடிகாரத்தை அமுக்குவார், பஸ் தன்னிடம் வந்ததும் மறுபடி அமுக்கி நிறுத்துவார். கணக்குப் போட்டார்கள். முப்பத்தெட்டு மைல் என்று வந்தது.*

*எப்படி வந்தது என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் போலீஸ்காரர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஜெட் வருகிறது என்று தெரிந்தால் கை தானாகச் சீக்கிரம் அமுக்கி நிறுத்தியிருக்கும்.

3

முதல் விசாரணையில் பத்து மைல் வரம்பை மீறியதாகத்தான் குற்றச்சாட்டு. முனுசாமி கூண்டில் ஏறினார். பலகையை எப்போது கழற்றினீர் என்று கேட்டார்கள். சாமி உள்ளே போனதும் என்றார். சாமி எப்போது உள்ளே போனார் என்றார்கள். நான் பலகையைக் கழற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பஸ் வந்த நேரத்தில் வரம்பு இருபத்தைந்துதான் என்று ஏற்றுக்கொண்டார்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் முப்பத்தெட்டு என்பது இருபத்தைந்துக்கும் மேல்தானே.

4

இனி நான் தணிகாசலத்தின் மனசுக்குள் போகப் போகிறேன். அங்கே நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கலாம்.

வேகமாக ஓட்டியதாகத் தணிகாசலம் ஏற்கெனவே இரண்டு தடவை பிடிபட்டிருந்தார். இரண்டு தடவையும் மறுபேச்சில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இரண்டாவது தடவை பஸ் ஸ்டாண்டில் யாரோ அவர் கழுத்தில் மாலையே போட்டார்கள். வேகத்துக்கு அரசாங்கமே அபராதம் போடுகிறதென்றால் அதைவிட நல்ல சான்று உண்டா? மூன்றாவது தடவையும் குற்றம் ருசுவானால் லைசென்ஸ் போகும் என்பது மாலை போட்டவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். லைசென்ஸ் போனால் திருமுக்கூடலில் மச்சான் வைத்திருக்கும் நெல் மெஷினில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

வக்கீல் வேணுகோபால் அவரைத் தனியாக உட்கார வைத்து, வண்டி நிஜமாகவே முப்பத்தெட்டு போகுமா என்று கேட்டார். தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன சார் இப்படிக் கேட்டுவிட்டீர்கள் என்றார்.

"எங்கிட்ட ஜெட்டு வேணாம். போவுமா, போவாதா?"

தணிகாசலம் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"எறக்கத்துல இருவது, இருவத்திரண்டு வரும் சார்."

"ஏத்தத்துல?"

"ஏத்தத்துல கண்டக்டரு எறங்கி நடப்பாரு."

ஜெட்டின் ரகசியம் அவ்வளவுதான். சைலன்சர் ஓட்டை, ஆகவே சத்தம். ஸ்பீடோமீட்டர் முள் என்றைக்கோ நாற்பதில் செத்துப்போய், ஸ்டாண்டில் நிற்கும்போதும் நாற்பது காட்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொன்னார்கள். மற்றபடி தணிகாசலம் வாலாஜாபாத்தில் டீ குடிக்க நிறுத்துவதில்லை. புறப்பட வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே புறப்பட்டுவிடுவார். சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், அதனால் வேகமாகப் போனார் என்று ஊர் முடிவு கட்டியது. அவரும் மறுக்கவில்லை. மறுக்காமலே இருந்ததில் தனக்கே அது பாதி நிஜமாகிவிட்டது என்று அவர்

(இந்த இடத்தில் உருக்கமாக ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். தணிகாசலம் உருகுகிற ஆள் இல்லை.)

வக்கீல் சந்தோஷமாகிவிட்டார். இந்த வண்டியால் முப்பத்தெட்டு போகவே முடியாது என்று வாதாடினால் போதும், விடுதலை. அன்று ராத்திரி தணிகாசலம் சாப்பிடவில்லை. காந்தா சொன்னதுதான் இந்தக் கதையிலேயே புத்தியுள்ள பேச்சு: "கோர்ட்டுல ஆமையா இருந்துட்டு வாய்யா. ஊருக்குள்ள ஜெட்டாவே இருந்துக்கோ. யாரு வந்து அளக்கப் போறாங்க?"

5

எந்தக் கதைக்கும் ஒரு வில்லன் வேண்டும் என்பதால் துரைக்கண்ணுவைக் கொண்டுவந்தேன். அதே சாலையில் போட்டி பஸ் ஓட்டுபவர். பத்து வருஷமாக ஜெட்டை முந்த முயன்று தோற்றவர். வக்கீல் வாதாடுகிற அன்று கோர்ட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேவலமாகச் சிரிக்க வேண்டும் என்பது என் திட்டம்.

வந்தார். உட்கார்ந்தார். வேணுகோபால் எழுந்து, இந்தப் பஸ் இருபத்திரண்டு மைலைத் தாண்டாத வாகனம் என்று சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. துரைக்கண்ணு சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. சாயங்காலம் தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார். (எங்கள் வீட்டு ஜன்னல் அந்த வாசலைப் பார்த்தபடிதான் இருக்கிறது. நான் கட்டிய வீடில்லை.)

"ஏம்பா தணிகாசலம், உன் வண்டி இருவத்திரண்டுதான் போவும்னு எழுதிக்கினாங்கன்னா, பத்து வருசமா உன் பின்னாடியே வந்துக்கினு இருக்கற நான் யாருபா?"

தணிகாசலம் அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். வில்லன் வேலைக்கு இந்த ஆள் லாயக்கில்லை என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். வேறு ஆளும் கிடைக்கவில்லை. வில்லனில்லாமலே ஓட்டலாம் என்று தைரியமாகத்தான் இருக்கிறேன்.

6

மாஜிஸ்ட்ரேட் சிரித்து முடித்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். அதே பஸ், அதே சாலை, அதே அளவு கூட்டம். மோட்டார் இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கத்தில் உட்காருவார். இரண்டு புளியமரத்துக்கு நடுவே ஓட்டிக் காட்ட வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டாவிட்டால் விடுதலை. தாண்டினால் போலீஸ் கணக்கு சரியென்று ஆகிவிடும்.

தணிகாசலம் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினார். இருபத்தைந்து அவருடைய வண்டிக்கு எட்டாக் கனி.

ஆனால் ஒலிமுகமதுபேட்டையில் ஒருவர் தூங்கவில்லை. அந்தப் பஸ்ஸைப் பல வருஷமாகப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஹனீஃபா. கேட்டபோதெல்லாம் முதலாளி ஒரு சாமானும் வாங்கித் தராததால் கயிறும் கம்பியும் போட்டு அதை ஓட வைத்துக்கொண்டிருந்தவர். கோர்ட்டு பார்க்க வருகிறது என்றதும் முதலாளியே பயந்து கேட்டதையெல்லாம் வாங்கித் தந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலம் ஷெட்டுக்குப் போனபோது வண்டியில் சத்தமே இல்லை. முள் பூஜ்யத்தில் இருந்தது. ஹனீஃபா கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையை அனுப்புகிற மாதிரி நின்றார்.

"என்ன பாய் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வண்டி ஓடாதுன்னு கோர்ட்டுல சொன்னா அது யார சொல்றது? வண்டியவா? என்னத்தான் சொல்றது. இப்ப நாப்பத்தஞ்சு போவும்பா."

"போச்சுன்னா என் லைசென்ஸ் போயிடுமே பாய்."

"போவுற மாதிரி பண்றது என் வேலை. மிதிக்கறது உன் பாடு."

உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். தணிகாசலமும் நினைத்தார். ஆனால் கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகு வண்டியில் கை வைத்தது ஹனீஃபா. சொன்னால் அவர்தான் முதலில் உள்ளே போவார்.

ஆக, அன்றைக்கு நிஜமாகவே மெதுவாகப் போனவர் அந்த உண்மையை நிரூபிக்க இன்றைக்குப் பாதிப் பெடலை மட்டும் மிதித்து ஏமாற்ற வேண்டும். நேர்மையாக முழுதும் மிதித்தால், செய்யாத குற்றம் ருசுவாகிவிடும். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இவ்வளவு முடிச்சுப் போடத் தெரிந்திருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: பாதி மிதித்தார். இருபத்து மூன்று. விடுதலை. மறுநாள் ஸ்டாண்டில் அவர் பஸ்ஸுக்கும் ஆள் இல்லை, துரைக்கண்ணு பஸ்ஸுக்கும் ஆள் இல்லை. ஜனங்கள் ரயிலுக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் அவரைப் பார்த்து மாட்டு வண்டிக்காரர் மாதிரி நாக்கைச் சொடுக்குகிறார்கள்.

இரண்டாவது: முழுதும் மிதித்தார். ஊர் பத்து வருஷம் அதைப் பற்றிப் பேசும். அவர் அதைத் திருமுக்கூடல் நெல் மெஷினில் தவிட்டு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பார்.

மூன்றாவது: பாதி வழியில் டயர் வெடித்தது. இது சோம்பேறி எழுதுகிற முடிவு. ஹனீஃபா புது டயர் போட்டிருக்கிறார்.

8

அதே அளவு கூட்டம் வேண்டும் என்றதும் தெருவே பஸ்ஸில் ஏறிவிட்டது. நானும்தான். காந்தா இதுவரை அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை. டிரைவருக்குப் பின் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துரைக்கண்ணு படியில் நின்றார். ஒரு ஆள் குறைந்தது. அந்த முன் சீட்டை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஜன்னலோரம்.

ஐயம்பேட்டை தாண்டி வந்துகொண்டிருந்தபோதே தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. பெடலில் கால் பட்டதும் வண்டி கேட்டது. பதினோரு வருஷமாகக் கெஞ்சியும் கேட்காத வண்டி. காற்று அவர் காதுக்குப் பின்னால் புகுந்து காக்கிச் சட்டைக் காலரைத் தூக்கியது. எத்தனையோ பேர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், ஜெட்டில் போனால் இப்படித்தான் இருக்கும் என்று. அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்ததை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள். வேண்டும் என்றே ஹனீஃபா முதல் மரத்தடியில் நின்றார். இன்ஸ்பெக்டர், "மிதிங்க" என்றார். பின்னால் யாரோ, "வுடுபா ஜெட்டு" என்றார்கள். பிறகு எல்லாருமே சொன்னார்கள். தணிகாசலம் கண்ணாடியில் காந்தாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின் சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது அவள் கொண்டையும் அதிலிருந்த கதம்பமும்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பான சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில்தானே இருந்தேன். சொல்லமாட்டேன். நான் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை என்பதைக் குழாயடியில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் மரம் வந்துவிட்டது. கைக்குட்டை விழுந்துவிட்டது. முகத்தைத் திருப்பாமல், உங்களுக்கு மட்டும் கேட்கும்படி, தணிகாசலம் கேட்கிறார்: "இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

சொல்லுங்கள். பின்னாலிருந்து நாங்கள் கத்துவதைக் காதில் வாங்காதீர்கள். அவர் எப்படி ஓட்டினாலும் எங்களில் ஒருவருக்கும் லைசென்ஸ் போகப் போவதில்லை.