நெல்லிக்கட்டை போட்ட தண்ணீர்

எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஆள் நான் ஒருத்திதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக கெமிஸ்ட். இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்வரி அக்கா, தன் வயலில் போட்ட புது போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள். ஆழத்துப் பாறையிலிருந்து யுரேனியம் கரைந்து வரலாம் என்று சோதிக்கச் சொன்னதே நான்தான்.

பாட்டில் எங்களுடையதாக இருக்க வேண்டும், தண்ணீரை நாங்களே போய்ப் பிடிக்க வேண்டும் என்பது விதி. கூடப் பிறந்தவளிடம் என்ன விதி! தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. இரும்பு என்று விட்டுவிட்டேன். யுரேனியம் இருந்தால் கருவியில் பச்சையாக ஒளிரும், ஒளிரவில்லை. தண்ணீரில் வேறு எதுவும் ஒளியை மறைக்கிறதா என்று அறிய, அதே தண்ணீரில் ஒரு சொட்டு யுரேனியக் கரைசலை விட்டு, ஒளி கூடுகிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், ரயிலைப் பிடிக்கும் அவசரம். "நல்ல தண்ணிக்கா. தைரியமா குடிங்க" என்றேன்.

போன மாதம் அக்காவின் கணவர் தணிகைவேல் மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திருவள்ளூரில் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். பார்க்கப் போனேன். அக்கா எனக்குத் தண்ணீர் மொண்டபோது பானைக்குள் ஒரு கட்டை தெரிந்தது.

"இன்னாக்கா இது?"

"நெல்லிக்கட்டைடி. உப்பு எடுத்துரும். அன்னிக்கு உன் லேபுக்கும் இதுலதான் மொண்டாந்தேன். பெரிய ஆபீசு, அங்க போய் மட்டமான தண்ணியவா குடுப்பாங்க?"

விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறாள். மாமாவோ வயலில் மோட்டார் குழாயிலேயே வாய் வைத்துக் குடிப்பவர்.

நெல்லியின் துவர்ப்பு முழுக்க பீனால் வகை. யுரேனியத்தைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். பாதி கட்டையோடு போகும். மிச்சம் தண்ணீரிலேயே இருந்தாலும் ஒளிராது. அன்றைய மஞ்சளும் இரும்பில்லை, இந்தக் கட்டைதான். இதையெல்லாம் படித்து மெடல் வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய்.

மறுநாள் எங்கள் பாட்டிலில் மோட்டார் தண்ணீரைப் பிடித்து வந்தேன். யுரேனியம், அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு. அதில் நெல்லிக்கட்டை ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன். பச்சை ஒளி அணைந்துபோனது. கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மொதல்ல கால் வீங்கச்சொல்ல, தண்ணி பத்தலனு நானா நெனச்சிக்கினேன்டி" என்றாள். "வேணாம்னாரு. அருணாவே நல்ல தண்ணினு சொல்லிக்கிறா, குடிய்யானு சொம்பு சொம்பா நான்தான் குடுத்தேன்."

உள்ளே படுத்திருந்த மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அன்றைய கணக்கு காலையிலேயே தீர்ந்திருந்தது.

"யாரு, அருணாவா?" என்று குரல் கொடுத்தார். "உங்கக்கா தரமாட்டேங்குறா. நீயாவது ஒரு வாய் தண்ணி குடும்மா. மோட்டார்ல புடிச்சிக்கினு வா. அதான் நல்ல தண்ணி."