மூன்றாவது பலகை

எங்கள் கரையில் கட்டிய பாய்மரக் கப்பல்களின் வரலாற்றை எழுத வந்த பெண் கையோடு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நூற்று நாற்பத்தாறு கப்பல்கள். கடைசியாக எங்களுடையது. அதற்கு எதிரே, ‘கலப்பத்துக் கோளாறு, முதல் பயணத்திலேயே மூழ்கியது’ என்று எழுதியிருந்தது. கலப்பத்து என்றால் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடிப்பது. அடித்தவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இத யாரு சொன்னா?”

எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தலைமைத் தச்சரைக் காட்டினாள். என் அண்ணன்தான். அந்தக் கப்பல் வேலை தொடங்கிய அன்று வாய்த்தகராறு; அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒரு கப்பலை ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டினோம். அவரிடமிருக்கும் உளி வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆள்தான் கேட்டு வாங்கித் தருவான்.

எங்களை ஒரே அறையில் உட்காரவைக்கத் தங்கையால்தான் முடியும். அவள் வீட்டில்தான் இருந்தோம். அவள் புருஷன்தான் அந்தக் கப்பலின் சுக்கானி. உடல்கூடக் கிடைக்கவில்லை.

“மேடம், நல்லா எழுதிக்கோங்க,” என்றேன். “கப்பலக் கரையில வெச்சே உள்ள தண்ணி ரொப்புவோம். எங்க கசியுதோ அங்க மறுபடி திரி அடிப்போம். ரெண்டு நாள் வேலை. இந்த மகராசன், கப்பல எறக்குறதுக்குப் பௌர்ணமிக் கடல் ஏத்தம் தப்பிடும்னு அரை நாள்ல தண்ணிய எறைக்கச் சொல்லிட்டாரு. அடிப்பக்கம் சுண்ணாம்பும் கொழுப்பும் பூசியாச்சு. அதுக்கப்புறம் கசிவு எங்க தெரியும்?”

அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்தே பேசினார். “கசியுதுன்னு அவன் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்னு சொல்லுங்க.”

“சொல்லணுமா? இவருக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? பின்பக்கம் மூணாவது பலகையில பூச்சே காயலையே! ஒரு சாண் நீளத்துக்கு ஈரம் நின்னுச்சே!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

தண்ணீர்ச் செம்போடு வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “நீ பாத்தியா, சின்னண்ணா?”

“பாத்தேன்.”

“கடல்ல எறக்குறதுக்கு முன்னாடியா?”

தலையை ஆட்டினேன். அன்று சொல்லி அனுப்ப மூன்றாவது ஆள் பக்கத்தில் இல்லை. அது சாக்கு. கப்பல் ஒழுகித் திரும்பி வரட்டும், ஊரே அண்ணனைக் காறித் துப்பட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திரும்பியே வராது என்று நினைக்கவில்லை.

அண்ணன் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். “அடப்பாவி, நாலடி தள்ளித்தானேடா நின்னேன்.”

தங்கை அழவில்லை. செம்பை மேசைமேல் வைத்தாள்.

“பெரியண்ணன்தான் அவரக் கொன்னுட்டான்னு வருஷாவருஷம் எங்கிட்ட வந்து சொல்லுவியே. எந்திரி, வெளிய போ.”

அண்ணன் அசையாமல் இருந்தார்.

“நீயும்தான் பெரியண்ணா. ரெண்டு நாள் உன்னால பொறுக்க முடியல.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். “கலப்பத்துன்னு எழுதுனத அடிச்சிடுங்க மேடம். இவங்க ரெண்டு பேரு பேரையும் எழுதுங்க. பக்கத்துலயே அண்ணன் தம்பின்னும் போடுங்க.”